ஏழு மணிக்குக் குளத்து நாச்சி

ஜூன் 12, வியாழன்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்துக்கொண்டிருக்கும்போதே அக்கா போன் செய்துவிட்டாள். "இன்னாடி பண்ணிக்கினு இருக்க? பாட்டு போட்டுட்டான்."

ஈரக் கையோடு ஓடி வந்து உட்கார்ந்தேன்.

பால், கேஸ், சீட்டுக் கணக்கெல்லாம் வேறு நோட்டு. இது 'குளத்து நாச்சி' சீரியலுக்கு மட்டும். பார்த்ததை அன்றைக்கே எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அது கணக்கானாலும் சரி, சாமியானாலும் சரி. பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தது தெலுங்கு. தமிழ் நானாகக் கூட்டிக் கூட்டிக் கற்றுக்கொண்டது, காலண்டர் தாளிலும் ஸ்தோத்திரப் புத்தகத்திலும். பிழை இருந்தால் நாச்சி பொறுத்துக்கொள்ளட்டும்.

அக்கா சித்தூரில், நான் திருப்பதியில். மாமா போனதிலிருந்து இப்படித்தான். அவள் வீட்டு டிவி ஓடும், என் வீட்டு டிவி ஓடும், நடுவில் போன் ஸ்பீக்கரில் கிடக்கும். அவளுடையது கேபிள், எங்களுடையது டிஷ். எனக்கு வருவதற்கு ஒரு மூச்சு முன்னாலேயே அவளுக்குச் சத்தம் வந்துவிடும். இடி இடித்தால் முதலில் சித்தூரில் இடிக்கும், பிறகு திருப்பதியில். சுகரால் போன வருடம் அவளுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண்ணால் ஓரளவு பார்ப்பாள். பேச்சில்லாத இடம் வந்தால் "இப்ப இன்னா?" என்பாள், நான் சொல்வேன்.

ஐநூறாவது பகுதி நெருங்குகிறதாம். அதுவரை அங்கங்கே பழைய நல்ல பகுதிகளைத் திரும்பப் போடுகிறார்கள். இன்று பரிசல்காரன் கங்கையா.

எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது. குளத்தில் பரிசல் கவிழ்ந்து கங்கையா செத்துப்போகிறான். ஆனால் செத்தது அவனுக்கே தெரியாது. சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து சாப்பாடு போடு என்கிறான். பெண்டாட்டி இலை போடுகிறாள். அவன் அள்ளி அள்ளித் தின்கிறான், இலையில் சோறு குறையவில்லை. அவள் சோற்றைப் பார்க்கிறாள். வாசலைப் பார்க்கிறாள். உள்ளே வந்த ஈரக் கால்தடம் ஒரு ஜோடி, வாசலோடு நின்றுவிட்ட ஈரக் கால்தடம் இன்னொரு ஜோடி. யார் பின்னால் வந்து நிற்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அழவில்லை. "பசியோட வந்திருக்க. இன்னும் கொஞ்சம் வெச்சிக்கோ. மழை விட்டதும் போலாம்" என்கிறாள்.

நாச்சி கூரைத் தண்ணீர் தலையில் விழ விழ வெளியே நிற்கிறாள். அவன் கை கழுவும் வரைக்கும் நிற்கிறாள். சாமி அல்லவா, நினைத்தால் ஒரு நொடியில் கொண்டுபோகலாம். காத்திருந்தாளே!

இவர் ரேணிகுண்டா ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து அப்போதுதான் வந்தார். "செத்தவன் துன்றதுக்கு எந்தக் கடைல அரிசி வாங்குறாங்க?" என்றார். ஆனால் டிபன் பாக்ஸைக் கீழே வைக்காமல் முடியும் வரை நின்றே பார்த்தார்.

ஜூன் 14, சனி

இன்று தண்ணீருக்குள் விளக்கு.

கன்னிகா பிறவியிலேயே கண் தெரியாதவள். குளக்கரையில் இருப்பவள். நாச்சி நடந்தால் ஊரில் அவள் ஒருத்திக்குத்தான் காலடிச் சத்தம் கேட்கும். குளத்தைத் தூர்த்து பிளாட் போடப் பார்க்கிறவன் அவள் மிதக்கவிட்ட விளக்குகளைக் கம்பால் அடித்து முழுக்கிவிடுகிறான். விளக்கெல்லாம் உள்ளே போகிறது. அணையவில்லை! அடியில், பாசிக்குள்ளே, மீன் பக்கத்தில் எரிந்துகொண்டே இறங்குகிறது. குளம் முழுக்க உள்ளுக்குள் வெளிச்சம். கன்னிகாவுக்குத் தெரியாது, அணைந்துவிட்டதென்று அழுகிறாள். பார்க்கிற நமக்குத்தான் தெரியும். நாம் அணைந்தது என்று நினைப்பதெல்லாம் எங்கே எரிகிறதோ?

இந்த இடம் வந்தால் அக்கா "அப்பா!" என்பாள். இன்று சத்தமே இல்லை.

"அக்கா, பாக்கறியா?"

"வெளக்கு எங்கடி? இருட்டா காட்டுறான்."

"இருட்டு இல்லியே. ஜெகஜோதியா இருக்குதே."

அவள் டிவி சத்தத்தைக் குறைத்தாள். அப்புறம் சொன்னாள். வலது கண்ணிலும் புகை மாதிரி. கறுப்பு நூல் நூலாய் ஓடுகிறதாம். பத்து நாளாக. மகள் காவ்யாவிடம்கூடச் சொல்லவில்லை.

"ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரின்னுவீங்க."

ஜூன் 19, வியாழன்

காவ்யா ஸ்ரீசிட்டி கம்பெனியில் லீவு போட்டு அம்மாவைத் திருப்பதிக்குக் கூட்டி வந்தாள். இருபத்து நான்கு வயதுப் பெண், தாயைக் கையைப் பிடித்து பஸ்ஸிலிருந்து இறக்குவதைப் பார்த்ததும் ஓடிப்போய் இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டேன்.

கண் ஆஸ்பத்திரியில் மருந்து விட்டு, உட்கார வைத்து, மறுபடி மருந்து விட்டு, லைட் அடித்துப் பார்த்தார்கள். டாக்டர் அக்காவிடம், "சின்ன ஆபரேஷன்தான்மா, பண்ணிக்கலாம்" என்றார். அவளைக் காவ்யா வெளியே கூட்டிப்போனதும் என்னை நிறுத்தினார். தெலுங்கும் தமிழுமாகச் சொன்னார். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. விழித்திரையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. ஜூலை முதல் வாரத்தைத் தாண்டினால் இந்தக் கண்ணும் முழுசாகப் போய்விடும். ஆபரேஷன் செய்தாலும் எவ்வளவு திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. "ஆலஸ்யம் சேயகூடதம்மா" என்றார், தாமதிக்கக் கூடாதென்று. திங்கள் முப்பதாம் தேதி அட்மிட் ஆகச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்தேன். அக்கா மருந்து வழிகிற முகத்தோடு, "இன்னா சொன்னாரு?" என்றாள்.

"பயப்பட ஒண்ணும் இல்லியாம்" என்றேன்.

"அப்ப அவசரமும் இல்ல" என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

சித்தூர் போய்விட்டாள். ஏழு மணிக்குப் போன் வரவில்லை. நானும் டிவி போடவில்லை.

ஜூன் 25, புதன்

காவ்யா அழுதுகொண்டே போன் செய்தாள். "சித்தி, அம்மா வரமாட்டேன்றாங்க. தாத்தா கதையே சொல்லிக்கினு இருக்காங்க."

எங்கள் நைனாவின் கதை எனக்கும் தெரியும். எப்போதோ ஊருக்கு வந்த ஒரு கண் கேம்பில் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்தபோது உள்ளே சீழ். கடைசி வரைக்கும் நைனா அந்தக் கண்ணைத் துண்டால் மறைத்துக்கொண்டே பேசுவார். அவருக்கு மருந்து விட்டது அக்காதான். அந்த வாடை இன்னும் அவள் மூக்கில் இருக்கிறது என்பாள்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். குரல் தெளிவாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

"சனிக்கிழமை ஐநூறாவது. கன்னிகா குளத்துல எறங்கி நாச்சிகிட்ட கண்ணு கேக்கப் போறா, பாத்தியா?"

"விளம்பரத்துல காட்டுனான்."

"அவளுக்குக் கண்ணு வந்தா நானும் வரேன். நாச்சி குடுக்கலன்னா எனக்கும் வேணாம். யாரும் என்னைக் கேக்கக் கூடாது."

பின்னால் காவ்யா கத்துவது கேட்டது. "ஏம்மா, அது நடிக்கிற பொண்ணும்மா! ஷூட்டிங் முடிஞ்சா மூஞ்சி கழுவிக்கினு கார்ல ஏறி வூட்டுக்குப் போயிடும்!"

"நடிக்கிறவ போவா. நாச்சி எங்க போவா?" என்றாள் அக்கா.

காவ்யா சிரித்தாளோ அழுதாளோ. என்னால் சிரிக்க முடியவில்லை. கோயிலில் வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் பொட்டலம் கட்டிப் போட்டு, எது வருகிறதோ அதுதான் உத்தரவு என்று எத்தனை காரியம் செய்திருக்கிறோம். காவ்யா பேர்கூட அப்படி வந்ததுதான். அவளுக்கு இது அந்தப் பூ. நான் போய் அது பூ இல்லை என்று எப்படிச் சொல்வேன்? இத்தனை நாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்த்தவள் நான்.

நாச்சி, கொடுத்துவிடு தாயே. கதை எழுதுகிறவர் யாரோ, அவர் கையில் வந்து உட்கார்.

ஜூன் 28, சனி

எழுதியாக வேண்டும்.

நெய் விளக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். இவர் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் அக்கா. "ஒண்ணும் விடாம சொல்லுடி. எனக்கு எல்லாம் சாம்பலா இருக்குது."

ஊரே கரையில் நிற்கிறது. கன்னிகா இறங்குகிறாள். ஒரு பேச்சு கிடையாது. உடுக்கை மட்டும், அவள் தட்டுத் தடுமாறி நடக்கும்போதெல்லாம் வருமே, அந்த உடுக்கை. நான் சொல்லிக்கொண்டே வந்தேன். முழங்கால். இடுப்பு. கழுத்து. முங்கிட்டாக்கா. தண்ணி மூடிக்கிச்சு.

அப்புறம் குளமே எழுந்து நின்றது. நாச்சி தண்ணீரிலிருந்து வரவில்லை, தண்ணீரே நாச்சியாக நின்றது. நானும் பேச்சை விட்டுவிட்டேன். இரண்டு பேரும் எதிரெதிரே. நாச்சி கையைத் தூக்கினாள். கன்னிகாவின் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். தொடவில்லை. அந்தக் கையைத் திருப்பித் தன் கண்மேலேயே வைத்துக்கொண்டாள். எடுத்தபோது நாச்சியின் கண் மூடியிருந்தது.

சாமி கண்ணை மூடிக்கொண்டாள்! மூடிக்கொண்டு, கன்னிகாவின் ஈர முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், குருடி பிடிப்பது மாதிரி. கன்னிகா திரும்பிக் கரைக்கு நடக்கிறாள். பிறவியிலிருந்து இருட்டில் நடந்து பழகியவள், ஒரு இடத்திலும் இடறவில்லை. பின்னால் நாச்சி தடவித் தடவி வருகிறாள். கன்னிகா கால் வைத்த தடத்துக்குள்ளேயே நாச்சியின் கால் விழுகிறது. இத்தனை நாளில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. இனியும் பார்க்கமாட்டேன். என் உடம்பு இந்த வீட்டிலேயே இல்லை.

"இன்னாடி ஆச்சு?"

நான் நெய் விளக்கைப் பார்த்தேன்.

"சொல்லுடி. கண்ணு வந்துச்சா?"

இவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வந்துட்சிக்கா" என்றேன். "பாக்கறா. கரைல இருக்குற எல்லாரையும் பாக்கறா."

ஸ்பீக்கரில் உடுக்கை அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு, "சரி. நாளைக்குக் காத்தால பஸ்ல வரோம்" என்று வைத்துவிட்டாள்.

இன்னா பண்ணிட்டேன் நான். விளக்கு எரிஞ்சிக்கினு இருக்குது, எதிர்ல உக்காந்துக்கினு சாமி பேர்ல பொய் சொல்லிட்டேன். இந்த வாயால நாளைக்கு எப்படி ஸ்தோத்திரம் சொல்லுவேன்? ஏதாவது ஆயிட்டா? நைனா மாதிரி ஆயிட்டா? பொய்யைக் காட்டி அக்காவைக் கத்திக்குக் கீழ படுக்க வெச்சவ நான்தானே?

ஜூன் 29, ஞாயிறு

வந்துவிட்டார்கள். காவ்யா நேற்று எதுவும் பார்க்கவில்லை, கோபத்தில் மாடியில் இருந்தாளாம். நல்லது.

இவரிடம் தனியாகச் சொன்னேன், "நேத்து பாத்ததை அக்காகிட்ட..." முடிக்கவிடவில்லை. "நான் இன்னா பாத்தேன்? சட்டை இஸ்திரி போட்டுக்கினு இருந்தேன்" என்றார். அப்புறம் அக்காவுக்குப் பிடிக்கும் என்று கடைக்குப் போய் முருங்கைக்கீரை வாங்கி வந்து, "வதினா, கண்ணுக்கு நல்லது, துன்னுங்க" என்று அவரே ஆய்ந்து கொடுத்தார்.

பரிசல்காரன் பெண்டாட்டி பொய்தான் சொன்னாள். 'மழை விட்டதும் போலாம்' என்றாளே. வெளியே நாச்சி கேட்டுக்கொண்டுதான் நின்றாள். கோபப்படவில்லை. அதையே பிடித்துக்கொண்டு இன்றைய பொழுதைத் தள்ளினேன்.

ஜூன் 30, திங்கள்

பெண்கள் வார்டு. பக்கத்துக் கட்டிலில் பிச்சாட்டூர் கிருஷ்ணம்மா. ஒரு கண்ணில் கட்டு, வாயில் கட்டு இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது முதல் மருமகள் சாம்பார் வரை எல்லாம் சொன்னாள். ஏழு மணி ஆனதும் பெருமூச்சு விட்டாள். "நாச்சி போட்டிருப்பான். இங்க டிவியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

பேச்சை மாற்ற, ஆரஞ்சு வேண்டுமா என்றேன். வாங்கிக்கொண்டே சொன்னாள், "சனிக்கிழமை பாத்தீங்களா? நான் அன்னிக்கே அழுதுட்டேன். பாவம் அந்தப் பொண்ணு, கழுத்து வரைக்கும் எறங்கிக் கேட்டும் கண்ணு வரலியே. சாமியில்ல கண்ணை மூடிக்கிச்சு!"

ஆரஞ்சுத் தோல் என் கையிலேயே இருந்தது. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அக்கா..."

"தெரியும்டி."

"இன்னா தெரியும்?"

"உடுக்கை நிக்கவே இல்லியே. கண்ணு வந்திருந்தா நிறுத்தியிருப்பான். அவ கரை ஏறுற வரைக்கும் அடிச்சிக்கினே இருந்தான். எனக்குத்தான் உனக்கு முன்னாடியே சத்தம் வந்துடுமே. நீ வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "தெரிஞ்சிக்கினு ஏன்க்கா வந்த?"

திரும்பிப் படுத்தாள். பார்க்காத கண்ணால் என் பக்கம் பார்த்தாள். "பால்காரன்கிட்ட கூட ஒரு பொய் சொல்லமாட்ட நீ. வெளக்கேத்தி வெச்சிக்கினு, நாச்சி பேர்ல சொன்ன பாரு. அப்ப டாக்டரு உன்கிட்ட இன்னா சொல்லியிருப்பாருன்னு புரிஞ்சுபோச்சு. பயப்பட ஒண்ணும் இல்லன்னியே, மூஞ்சி. நீ பயந்து செத்துக்கினு இருந்திருக்க."

கிருஷ்ணம்மா ஆரஞ்சுச் சுளையை வாயில் போடாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப உள்ளதைச் சொல்லு" என்றாள் அக்கா. "நெஜமா இன்னா நடந்துச்சு குளத்துல? கண்ணை மூடிக்கினு?"

சொன்னேன். கையைத் திருப்பித் தன் கண்மேல் வைத்தது, முந்தானையைப் பிடித்தது, தடத்துக்குள் தடம் விழுந்தது, எல்லாம். கட்டுப் போட்ட அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்து கொண்டுவந்த நர்ஸ்கூட டிரேயோடு நின்றாள்.

முடித்ததும் அக்கா, "நாச்சி பின்னாடியா வந்தா?" என்றாள்.

"ஆமா. இவதான் முன்னாடி."

"அப்பா!" என்றாள். தண்ணீருக்குள் விளக்கு எரிகிறபோது சொல்வாளே, அதே 'அப்பா!'

ஜூலை 1, செவ்வாய்

காலையில் உள்ளே கூட்டிப்போனார்கள். தியேட்டர் கதவு வரைக்கும் தரையை அப்போதுதான் துடைத்திருந்தார்கள். அதன்மேல் யாரோ ஈரக் காலோடு உள்ளே போயிருக்கிறார்கள். வெறுங்கால் தடம், ஒரு ஜோடி. ஆயாம்மாவாக இருக்கும். துடைத்த தரைதான். தெரியும். தெரிந்தேதான் கும்பிட்டேன்.

நெடுநேரம். வெளியே வந்த டாக்டர், விழித்திரையை ஒட்டியிருக்கிறேன், இனி அது பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

ஜூலை 4, வெள்ளி

எங்கள் வீட்டில் இருக்கிறாள். கண்ணுக்குள் காற்று மாதிரி ஒரு கேஸ் அடைத்திருக்கிறார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம், அதனால் ராத்திரி பகல் குப்புறவே படுக்க வேண்டும். இவர் பழைய மெத்தையில் முகம் பதிகிற அளவுக்கு ஓட்டை அறுத்துக் கட்டிலோரம் போட்டுக் கொடுத்தார். "வதினா, முதல் வகுப்பு பெர்த்து" என்றார்.

இன்னொன்றும் சொல்லி அனுப்பினார்கள். கேஸ் கரையும் வரை மலைக்குப் போகக் கூடாது. உயரம் ஏறினால் உள்ளே அது உப்பிவிடுமாம். ஆபரேஷன் முடிந்ததும் இரண்டு பேரும் மலைக்கு வருகிறோம் என்று நான் வேண்டிக்கொண்டது யாருக்கும் தெரியாது. சுவாமி காத்திருக்கட்டும். நாச்சியே மழையில் காத்திருந்தாள்.

ஏழு மணிக்கு நான் தரையில், மெத்தை ஓட்டைக்குக் கீழே உட்கார்ந்து டிவியைப் பார்த்துச் சொல்கிறேன். மேலேயிருந்து அவள் மூச்சு என் தலையில் படுகிறது. இப்போது ஒரே டிவி. யாருக்கும் முன்னால் பின்னால் இல்லை.

கண்ணைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. வெளிச்சம் தெரிகிறது என்றாள் ஒரு தடவை. அவ்வளவுதான்.

ஜூலை 16, புதன்

முதலில் இதை எழுதிவிடுகிறேன், சோறு அப்புறம்.

குப்புறப் படுப்பது போதும் என்று சொல்லிவிட்டதால் காலையில் அக்காவை மாடிக்குக் கூட்டிப்போனேன், காற்றுக்காக. நாற்காலியில் உட்கார்ந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்தாள்.

"பாப்பா, நான் தண்ணிக்குள்ள இருக்கேன்டி."

பயந்துவிட்டேன். "இன்னாக்கா சொல்ற?"

"குளத்துல நிக்குற மாதிரி இருக்குது. கீழ பூரா தண்ணி, ஆடுது. தலைய அசைச்சா அலை அடிக்குது. மேல மட்டும்..." கையை நீட்டினாள். "மேல மலை தெரியுது."

அவள் விரல் நீட்டிய இடத்தில் மலை இருந்தது. காலை மேகம் விலகிக் கல்லும் பச்சையுமாக, அந்த நீண்ட முதுகு. சரியாக அதன் விளிம்பிலேயே விரலை ஓட்டினாள், ஏற்றத்தில் ஏற்றி, இறக்கத்தில் இறக்கி.

அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போன் செய்து கேட்டால், அப்படித்தான் இருக்கும், கேஸ் கரையக் கரைய மேலிருந்து கீழே தெளியும் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். சாதாரணமாம்! கழுத்தளவு தண்ணீரில் நின்று ஏழுமலையைப் பார்த்தாள் என் அக்கா.

ஜூலை 20, ஞாயிறு

தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்று எதிர்வீட்டு மாடியில் காயும் துணி வரைக்கும் அக்காவுக்குத் தெரிகிறது.

ஜூலை 23, புதன்

தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றாள். "எப்படி இவ்ளோ நரைச்சுப்போச்சு உனக்கு?" என்றாள்.

தோசை கருகட்டும்.

ஜூலை 26, சனி

இன்று டிவிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். சின்ன எழுத்து படிக்க முடியாது, ஓரமெல்லாம் மங்கல், இதற்கு மேல் எவ்வளவு என்று பார்க்கலாம் என்கிறார் டாக்டர். ஆனால் டிவி தெரிகிறது.

நாச்சி வந்தாள். அக்கா முன்னால் சாய்ந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இவளா?"

"இவதான்க்கா நாச்சி."

"நகச்சாயம் பூசியிருக்காளேடி."

இவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்தத் தண்ணியும் தண்ணி மாதிரியே இல்ல. பிளாஸ்டிக் மாதிரி இருக்குது. போன வருசம் எல்லாம் இப்டித்தான் இருந்துச்சா? இல்லியே. நீ சொன்னப்ப வேற மாதிரி இருந்தாளே."

கொஞ்ச நேரம் சகித்துக்கொண்டு பார்த்தாள். அப்புறம் முகத்தை டிவியிலிருந்து என் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீ பாத்துச் சொல்லு. நான் உன்னைப் பாத்துக்கினு கேக்கறேன்."

ஆகஸ்ட் 21, வியாழன்

கேஸ் முழுசாகக் கரைந்து, மலைக்குப் போய் வந்து, அக்கா சித்தூர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. வரிசையில் ஒரு நொடிதான் கிடைத்தது, அந்த ஒரு நொடியும் அவள் சுவாமியைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அதை எழுத எனக்குத் தமிழ் போதாது.

இன்று சாயங்காலம் காற்றும் மழையும். எங்கேயோ மரம் விழுந்து எங்கள் தெருவுக்கே கரண்ட் இல்லை. இவர் டூட்டியில். மெழுகுவர்த்தி தேடிக்கொண்டிருக்கும்போது ஏழு மணிக்குப் போன் வந்தது.

"இன்னாடி, பாட்டு போட்டுட்டான்."

"கரண்ட் இல்லக்கா. நீ பாரு. நாளைக்குக் கேட்டுக்கறேன்."

"நாளைக்கு எதுக்கு? உக்காரு. நான் சொல்றேன்."

ஸ்பீக்கரில் அவள் டிவி கேட்டது. எங்கள் வீட்டில் எதுவும் ஓடவில்லை. ஜன்னலில் மழை மட்டும். பேச்சு நின்று உடுக்கை ஆரம்பித்தது.

"கன்னிகா வரா. செகப்புப் புடவை, பச்சை ஜாக்கெட்டு, பொருத்தமே இல்ல. கரைல நிக்கிறா. பின்னாடி ஒரு மரம். மரத்துல..." நிறுத்தினாள். கிட்டே போய்ப் பார்க்கிறாள் போலிருக்கிறது, நாற்காலி நகர்கிற சத்தம். "மரத்துல ஒரு காக்கா இருக்குது. அதைப் பத்தி நீ சொன்னதே இல்லியே?"

"எனக்குத் தெரியாதுக்கா."

"இருக்குது. சின்னதா. நான் பாத்துட்டேன். இரு, இப்ப தண்ணி அசையுது. வரா, வரா..."

மெழுகுவர்த்தி தேடுவதை விட்டுவிட்டேன். அந்த இருட்டிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டேன்.

"சொல்லுக்கா" என்றேன்.